‘பேருந்தில் இறங்கினான்’ என்று எழுதலாமா?

கேள்வி: ‘அவன் பேருந்தில் இறங்கினான்’ என்று என் மகள் கட்டுரையில் எழுதியதை ஆசிரியர் ‘பேருந்திலிருந்து’ என்று திருத்தியிருக்கிறார். ஆனால், ‘அழகர் ஆற்றில் இறங்கினார்’ என்றுதானே எல்லோரும் எழுதுகிறோம்?
– வாசகர், மதுரை

பதில்: திருத்தம் சரியானதே. ‘இறங்கு’ என்னும் வினை மேலிருந்து கீழே வருவதை மட்டுமே குறிக்கும். எதை விட்டு வருகிறோம், எங்கே போய்ச் சேர்கிறோம் என்பதை அதனோடு வரும் பெயரும் உருபும்தான் தெரிவிக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் சென்று சேருமிடம் வைகை என்பதால் ‘ஆற்றில் இறங்கினார்’ என்கிறோம். கிணற்றில் இறங்குவதும் தேர்தல் களத்தில் இறங்குவதும் அவ்வகையே. பேருந்தோ நாம் விட்டு நீங்கும் பொருள். ஆகவே ‘பேருந்திலிருந்து’ என்றோ ‘பேருந்தை விட்டு’ என்றோ எழுதுவதே இன்றைய உரைநடைக்குப் பொருந்தும். ‘தாம்பரத்தில் இறங்கினான்’ என்பதில் சிக்கல் இல்லை. (நடத்துநர் ‘தாம்பரம் இறங்குங்க!’ என்று உருபே இல்லாமல் குரல் கொடுக்கிறார். அதனால் யாரும் தடுமாறுவதில்லை.)

உங்கள் மகளின் பக்கமும் இலக்கணம் சற்றுப் பேசும். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு ‘இல்’, ‘இன்’ என்னும் இரண்டையும் உருபாகக் கூறி, அதன் பொருள்களில் நீங்கலை முதலில் வைக்கிறது. ஆனால், ‘இல்’ ஏழாம் வேற்றுமைக்கும் உரியது. இடத்தையும் நீங்கலையும் ஒரே உருபு சுமந்தால் மயக்கம் நேரும் என்பதால், ‘இருந்து’, ‘நின்று’ போன்ற சொல்லுருபுகளைச் சேர்த்து எழுதுவது நல்லது. 964ஆம் குறளில் வரும் ‘தலையின் இழிந்த மயிர்’ என்னும் தொடரில் ‘இன்’ தனித்து நின்றே நீங்கலை உணர்த்துகிறது. அங்குள்ள ‘இழி’ என்பதும் கீழே இறங்குவதைக் குறித்த பழைய வினைதான். இன்று அது தரம் தாழ்வதை மட்டும் சுட்டும்படி சுருங்கிவிட்டதால், பேருந்திலிருந்து யாரையும் இழியச் சொல்ல முடியாது.

கேள்வி: ‘நண்பர் என்னை வாசலில் இறங்கிவிட்டார்’ என்பது சரியா?
– வாசகி, சேலம்

பதில்: பிழை. தானே கீழே வருவது இறங்குதல். பிறரையோ பொருளையோ கீழே வரச்செய்வது இறக்குதல். எனவே நண்பர் உங்களை ‘இறக்கிவிட்டார்’, நீங்கள் ‘இறங்கினீர்கள்’. கப்பலிலிருந்து சரக்கை இறக்குவதும், பனையிலிருந்து பதநீர் இறக்குவதும் இந்தப் பிறவினையே. இவ்விரண்டோடு ‘இரங்கு’ என்னும் வினையையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது மனம் கசிவதைக் குறிப்பது, இடையின ரகரம் பெறுவது. ‘இறங்கல் கூட்டம்’ என்று சுவரொட்டியில் அச்சிட்டால், மறைந்தவருக்காக வருந்தும் பொருளே போய்விடும்.