காலரில் ஃபவுண்டேஷன் கறை: பிளீச் பாட்டிலை உள்ளே வையுங்கள்

கேள்வி: வெளிர்நீலக் காட்டன் சட்டையின் காலரில் ஃபவுண்டேஷன் படிந்துவிட்டது. சோப்புப் போட்டுத் துவைத்தும் மங்கியதே தவிர போகவில்லை. இன்னும் இஸ்திரி போடவில்லை. பிளீச் ஊற்றலாமா, லாண்டரியில் கொடுக்கலாமா?

பதில்: பிளீச் வேண்டாம். லாண்டரிக்கும் அவசரமில்லை. இஸ்திரி போடாமல் விட்டீர்களே, அதுவே பாதி வேலை. சூடு பட்டிருந்தால் கறை நூலோடு நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஃபவுண்டேஷனின் தோல் நிறம் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு பொடியிலிருந்து வருவது. துரு இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். பிளீச் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து வெளுக்க வைக்கிறது. ஏற்கெனவே ஆக்சைடாக இருக்கும் பொடியை அது ஒன்றும் செய்யாது. சட்டையின் நீலம்தான் போகும், கறை அப்படியே நிற்கும். பிளீச்சோடு வினிகர், ஸ்பிரிட் என்று எதையாவது கலக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பவே நம்பாதீர்கள். நச்சுவாயு கிளம்பும்.

அந்தப் பொடி எண்ணெயிலோ சிலிக்கோனிலோ கலந்திருப்பதால் வெறும் தண்ணீர் அதற்குள் இறங்காது. அதனால் துணி காய்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். சட்டையைத் திருப்பி, கறை படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பழைய வெள்ளைத் துணிமேல் விரியுங்கள். பின்பக்கமாகப் பாத்திரம் கழுவும் நிறமற்ற திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, விரல் நுனியால் அழுத்தி அழுத்தி விடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் பொடி நூலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடித்துணியில் பழுப்பாக ஒரு தடம் இறங்கியிருக்கும். அந்த இடத்தை நகர்த்தி, சுத்தமான பகுதியை வைத்து மறுபடி அழுத்துங்கள். தடம் விழுவது நின்றதும் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டு, வழக்கம்போல் துவைத்து நிழலில் காய வையுங்கள். ஈரத்தில் கறை போனது போலத்தான் தெரியும். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இஸ்திரியைத் தொடுங்கள். மிச்சமிருந்தால் மறுபடியும் இதே வேலைதான். இரண்டு மூன்று முறை ஆகலாம்.

‘நாள் முழுக்க அழியாது’ என்ற வகை ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக் என்றால் சோப்புத் திரவத்துக்கு முன்னால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். முதலில் உள்தையலில் ஒரு சொட்டு வைத்து, சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் எடுக்காதீர்கள். காட்டன் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்த முறை வேறு துணியில் ஊற்றுவீர்களே, அதுதான் என் பயம். பளபளப்பான சில மேற்சட்டைகளும் கோட்டுகளின் உள்துணியும் அசிடேட் இழையால் ஆனவை. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் அந்த இழையையே கரைத்துவிடும். கறை இருந்த இடத்தில் ஓட்டை விழும், அதற்கு வைத்தியமே கிடையாது. ‘அசிட்டோன் இல்லாதது’ என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம், பதிலுக்குச் சேர்க்கும் கரைப்பான்களில் சிலவும் அசிடேட்டை இளக்கும். உள்ளே தைத்திருக்கும் சீட்டில் அசிடேட், ட்ரைஅசிடேட் என்று இருக்கிறதா பாருங்கள். சீட்டே இல்லையென்றால் அந்த பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

லாண்டரிகளில் பல, ‘என்ன கறை?’ என்றுகூடக் கேட்பதில்லை. பொதுச்சலவையில் போட்டு, சூட்டோடு அழுத்தி, மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால் ரசீதில் ‘பொறுப்பல்ல’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். துணி தைக்கும் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள ‘ட்ரை கிளீன் மட்டும்’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறது. அழியாது என்று பெட்டியில் பெரிதாக அச்சிடும் அழகுசாதன நிறுவனம், துணியில் பட்டால் எப்படி எடுப்பது என்று ஒரு வரி எழுதுவதில்லை. மூவரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள், சட்டை மட்டும் உங்களுடையது.

வீட்டில் முயன்றும் போகவில்லையென்றால் லாண்டரிக்குப் போகலாம். கறை எதனுடையது, எத்தனை நாளானது, இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்று சொல்லி அதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கறை போகும்வரை இஸ்திரி போடக்கூடாது என்பதையும் சேர்த்து எழுத வையுங்கள். எழுத மறுத்தால் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள்.