படத்தின் வேலை வேறு, எழுத்தின் வேலை வேறு

கேள்வி: வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில், குப்பையைப் பிரித்துப் போடும்படி அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். சிவப்புத் தலைப்பு, குப்பை வகைகளின் படங்கள், ‘மீறினால் அபராதம்’ என்ற வரி எல்லாம் உண்டு. ஆயினும் பால் பாக்கெட்டுகள் மக்கும் குப்பையிலேயே கிடக்கின்றன. படத்தைப் பெரிதாக்குவதா, எழுத்தைக் கூட்டுவதா?

பதில்: இரண்டும் பயன் தரா. எதைப் படத்திடம் விடுவது, எதை எழுத்திடம் விடுவது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். படம் ஒரு பொருளின் வடிவத்தையும் நிறத்தையும் உடனே காட்டிவிடும். ஆகவே தேங்காய் நார், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு ஆகியவற்றைப் படமாகவே வையுங்கள். ஆனால் பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்த பிறகே மக்காத குப்பைக்கான நீலத் தொட்டியில் போட வேண்டும் என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வெறும் பாக்கெட்டின் படம் அதைச் சொல்லாது. வரிசையான படங்கள் செய்முறையைக் காட்டும். ஆனால் ‘கழுவாவிட்டால் ஏன் கூடாது’ என்பதற்கு எழுத்தோ பேச்சோதான் வேண்டும்.

இதைவிட முக்கியமானது உறவு. மொழியைச் சமூகக் குறியியலாக, அதாவது சமூகத்தில் பொருளை உருவாக்கும் குறிகளின் அமைப்பாக, 1978-இல் விளக்கிய மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே, நாம் பேசும்போது உலகைப் பற்றிச் சொல்வதோடு, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஓர் உறவையும் அமைக்கிறோம் என்றார். குறியியல் ஆய்வாளர்களான குந்தர் கிரெஸ்ஸும் தியோ வான் லூவனும் அந்தப் பார்வையைப் படம், பக்க அமைப்பு முதலியவற்றுக்கும் விரித்தனர். உங்கள் அறிவிப்பை அவ்வாறு பாருங்கள்: சிவப்பும் அபராதமும் சேர்ந்து, குப்பையைப் பற்றி எதுவும் சொல்லும் முன்பே படிப்பவரைக் குற்றவாளியாக நிறுத்திவிடுகின்றன. அதுவும் யாரை? அபராதம் கட்டுபவர் வீட்டுக்காரர். பல வீடுகளில் பையைக் கீழே கொண்டுவருபவரோ வீட்டு வேலைக்கு வரும் அம்மா. அறிவிப்பு அவரிடம் பேசவே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. தலைப்பைச் சிவப்பிலிருந்து மாற்றி, மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று தொட்டிகளின் நிறங்களையே எழுத்துக்கும் கொடுங்கள். அபராத வரியைச் சங்கத்தின் சுற்றறிக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒட்டும் இடமும் பொருள் தரும். லிஃப்டுக்கு வரும்போது குப்பை ஏற்கெனவே கலந்திருக்கும். ஆகவே சமையலறையில் மாட்டும்படி வீட்டுக்கொரு சிறிய அட்டை கொடுங்கள். தமிழ் படிக்காதவர்களுக்குத் தொட்டியருகே ஒருமுறை கையால் செய்துகாட்டுவது அட்டையைவிட நன்றாகப் புரியும்.

அச்சிடும் முன் எழுத்தை மறைத்துவிட்டு, நாள்தோறும் குப்பையைக் கொண்டுவரும் ஒருவரிடம் படம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எண்ணியதற்கு மாறாக இருந்தால், படத்தை வேறு மாதிரி வரையச் சொல்லுங்கள்.