தட்டி வாசிக்கும் கருவிக்கு வேறு கம்பி அமைப்பு: கேள்வி பதில்

பத்துக் கம்பி சாப்மன் ஸ்டிக்கில் (மீட்டாமல், இரண்டு கை விரல்களாலும் கம்பியைத் தட்டியே வாசிக்கும் கருவி) பேஸ் பக்கத்தை, அதாவது தாழ்சுருதிக் கம்பிகளை, மாற்றிக் கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த விஷயம் கம்பி, அதன் இழுவிசை, விரல் எட்டுமா எட்டாதா என்பது. அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாகத்தான் முடியும்.

புதிதாக வருபவர்களுக்காக வழக்கமான கிளாசிக் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மெலடி பக்கம் ஐந்து கம்பி: டி, ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப். ஒவ்வொன்றும் ஒரு ஃபோர்த் (ஐந்து அரைஸ்வரம்) இறங்கும். பேஸ் பக்கமும் ஐந்து: கருவியின் நடுவில் மிகத் தாழ்ந்த சி, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் ஒரு ஃபிஃப்த் (ஏழு அரைஸ்வரம்) ஏறும். அந்த சி, பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஈ-யை விடவும் கீழே இருக்கிறது.

கேள்வி: நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். ஃபோர்த் எனக்கு அத்துப்படி. ஸ்டிக்கின் பேஸ் பக்கத்தையும் சி, எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று இறக்கிக்கொள்ள நினைக்கிறேன். சாவியைத் திருகினால் போதும் அல்லவா, மேடம்?

பதில்: போதாது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரே கம்பி, ஒரே நீளம் என்றால் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. சி அப்படியே இருக்கிறது. ஜி-யை எஃப்-க்கு இறக்கினால் ஒரு முழு ஸ்வரம்தான் (இரண்டு அரைஸ்வரம்), ஆனால் இழுவிசையில் 21 சதவீதம் போய்விடும். டி-யை பி ஃப்ளாட்டுக்கு இறக்கினால் 37 சதவீதம் போகும். ஏ-யை ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கினால் சரியாகப் பாதி. கடைசி ஈ, ஏ ஃப்ளாட்டுக்கு வரும்போது பழைய இழுவிசையில் 40 சதவீதம்தான் மிஞ்சும்.

மீட்டி வாசிக்கும் கருவியில் தொய்ந்த கம்பியை ஓரளவு சமாளிக்கலாம். தட்டி வாசிக்கும்போது முடியாது. இங்கே கம்பி ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மிக அருகில் படுத்திருக்கிறது, விரல் விழும் வேகத்தில்தான் ஒலியே பிறக்கிறது. தொய்ந்த கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். கொஞ்சம் அழுத்தித் தட்டினாலே சுருதி ஏறும். விரல் பக்கவாட்டில் துளி நகர்ந்தாலும் ஸ்வரம் வளையும். அப்புறம் "ஃபோர்த் அமைப்பு நன்றாக இல்லை" என்று எழுதுவீர்கள். நன்றாக இல்லாமல் போனது அமைப்பால் அல்ல, கம்பியால்.

ஆகவே வெளிப்பக்க நான்கு கம்பிகளையும் மாற்றுங்கள். இழுவிசை பழையபடி இருக்க வேண்டுமென்றால் நான்காவது கம்பிக்கு, அதாவது ஈ ஃப்ளாட்டுக்கு, ஒரே நீளத்துக்கு இரண்டு மடங்கு எடையுள்ள கம்பி வேண்டும். பருமனை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றுக் கம்பியில் உள்கம்பியும் சுற்றும் சேர்ந்துதான் எடை. தயாரிப்பாளர் அலகு எடையையோ இழுவிசையையோ அட்டவணையாகத் தந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: ஸ்டிக்கின் அளவு நீளம், அதாவது கம்பியின் அதிரும் பகுதி, 36 அங்குலம். சாதாரண கிட்டார் கம்பி சாவிவரை எட்டாமல் போகலாம். உறையைப் பிரிக்கும் முன் நீளத்தைப் பாருங்கள்.

கேள்வி: மெலடி பக்கத்தை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி முதல் கம்பியை ஈ ஆக்கலாமா? மெலிசான கம்பி போட்டால் அறுகாது என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சுற்றில்லாத எஃகுக் கம்பி எந்தச் சுருதியில் அறுகும் என்பதைத் தீர்மானிப்பது அதிர்வெண்ணும் நீளமும். மெலிசான கம்பிக்கு இழுவிசை குறைவாகத் தேவைப்படும், உண்மைதான். ஆனால் அதைத் தாங்கும் குறுக்குப் பரப்பும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறதே! எஃகு மேல் விழும் அழுத்தம் மாறுவதே இல்லை.

உங்கள் கருவியில் இப்போதிருக்கும் டி எவ்வளவு முறுக்கில் நிற்கிறது தெரியுமா? 36 அங்குலத்தில் அந்த டி என்பது, 25.5 அங்குலக் கிட்டாரில் முதல் கம்பியை ஈ-யிலிருந்து ஜி ஷார்ப் வரை ஏற்றி வைத்திருப்பதற்குச் சமம். அதற்கு மேல் இன்னொரு முழு ஸ்வரம் என்றால் இழுவிசை 26 சதவீதம் கூடும். அறுந்த கம்பி முகத்தை நோக்கித்தான் வரும், கருவி அந்த நிலையில்தான் உடம்போடு இருக்கிறது.

கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃப்ரிப் கிட்டாருக்கு அமைத்த ட்யூனிங்கைப் பாருங்கள்: சி, ஜி, டி, ஏ, ஈ, ஜி. ஐந்து கம்பிகள் ஃபிஃப்தில் ஏறி வருகின்றன, ஆறாவது மட்டும் மைனர் தேர்டில் (மூன்று அரைஸ்வரம்) நிற்கிறது. ஃபிஃப்த் தொடர்ந்தால் அது பி ஆகியிருக்க வேண்டும். கிட்டார் நீளத்தில் சாதாரண எஃகு அந்த உயரத்தைத் தாங்காது.

உயர்ந்த சுருதிதான் வேண்டும் என்றால் நீளம் குறைந்த கருவிக்குப் போங்கள். ஆல்ட்டோ ஸ்டிக் இருக்கிறது.

கேள்வி: புதிதாகக் கற்பவருக்கு எந்த ட்யூனிங் நல்லது?

பதில்: கருவி எந்த அமைப்பில் வந்ததோ அதே. பாடங்களும் வரைபடங்களும் அதற்குத்தான் அதிகம் கிடைக்கின்றன.

கேள்வி: நைலான் கம்பி போடலாமா?

பதில்: காந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) என்றால் ஒலியே வராது.

கேள்வி: என்னிடம் ஸ்டிக் இல்லை, சாதாரண எலக்ட்ரிக் கிட்டார்தான். இரண்டு கையாலும் தட்டிப் பழகலாமா, அக்கா?

பதில்: தாராளமாக. ஸ்டிக் வருவதற்கு முன்பே, 1952-லேயே, ஜிம்மி வெப்ஸ்டர் கிட்டாரில் இரு கையால் தட்டும் முறைக்குப் புத்தகம் போட்டிருக்கிறார். 1969-ல் ஸ்டிக்கை உருவாக்கிய எம்மெட் சாப்மன் கண்டது அதில் ஒரு பெரிய திருப்பம்: வலக்கையை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்து, விரல்கள் ஃப்ரெட்டுகளுக்கு இணையாக விழும்படி வைத்தார். அப்போது இரண்டு கைக்கும் சமமான விரல் பலம் கிடைக்கிறது. நீங்கள் பழகும்போதும் வலக்கையை அப்படி வையுங்கள். ஆக்ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) தாழ்த்துங்கள், நட்டுக்கு (சாவிப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) பக்கத்தில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி வெறுங்கம்பிகளை அடக்குங்கள். ட்யூனிங்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்ட அதே பேஸ்காரன்தான். கம்பியை மாற்ற வேண்டும் என்பது புரிந்தது. ஆனால் ஃபிஃப்த் அமைப்பே தேவையற்ற சிரமம் என்று தோன்றுகிறது. ஒரு மேஜர் ஸ்கேல் வாசிக்கவே கை கிழிகிறது. இதை எதற்கு வைத்தார்கள்?

கேள்வி (இன்னொருவர்): நான் செல்லோ வாசிப்பவள். சி, ஜி, டி, ஏ எங்களுக்குத் தாய்வீடு. ஸ்டிக்கின் பேஸ் அதற்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே, அவ்வளவுதான். நூற்றாண்டுகளாக செல்லோவில் ஸ்கேல் வாசிக்கவில்லையா? சிரமம் அமைப்பில் இல்லை, பழக்கத்தில்.

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பேஸ்காரர் சொல்லும் சிரமம் நிஜம். ஃபிஃப்தில் மேஜர் ஸ்கேலை இடம் மாறாமல் வாசிக்க ஒவ்வொரு கம்பியிலும் நான்கு ஸ்வரம் வேண்டும். முதல் ஃப்ரெட்டில் தொடங்கினால் ஆறாவது ஃப்ரெட் வரை. 36 அங்குல நீளத்தில் அந்தத் தூரம் 21 சென்டிமீட்டருக்கு மேல். யாருடைய கையும் அதை ஒரே பிடியில் சௌகரியமாக எட்டாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் அதே தூரம் பதினொன்றரை சென்டிமீட்டர்தான். செல்லோக்காரர்களும் அந்த நான்கு ஸ்வரத்தை ஒரு கையில் விரிப்பதில்லை. கீழ் பொசிஷன்களில் ஒன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே மைனர் தேர்ட், நீட்டினால் மேஜர் தேர்ட் (நான்கு அரைஸ்வரம்). மீதிக்கு வெறுங்கம்பி உதவும், இல்லையென்றால் கை நகரும். ஸ்டிக்கில் வெறுங்கம்பியை அடக்கி வைத்திருக்கிறோம். அதனால் செல்லோ பழக்கம் அப்படியே இங்கே செல்லுபடியாகாது.

ஆனால் ஃபிஃப்த் ஸ்கேலுக்காக வைத்தது என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகத் தெரியும். இடக்கை இங்கே பேஸ் மட்டும் வாசிப்பதில்லை, கார்டும் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) சேர்த்து வாசிக்கிறது. அதற்குத்தான் ஃபிஃப்த். கருவியின் நடுவிலுள்ள சி கம்பியில் ஏதாவது ஒரு ஃப்ரெட்டைத் தட்டுங்கள், அது ரூட், கார்டின் அடிஸ்வரம். அடுத்த கம்பியில் அதே ஃப்ரெட், ஃபிஃப்த். அதற்கடுத்த கம்பியில் இரண்டு ஃப்ரெட் மேலே, மேஜர் டென்த், அதாவது மேஜர் தேர்டுக்கு ஒரு ஆக்டேவ் மேல். ஒரு ஃப்ரெட் மட்டும் மேலே என்றால் மைனர் டென்த். மூன்று விரல், மூன்று அடுத்தடுத்த கம்பி, கார்டு முடிந்தது.

டென்த் ஏன், தேர்ட் போதாதா? தாழ்ந்த சி-யின் அதிர்வெண் 32.7, அதற்கு மேலுள்ள ஈ 41.2. இரண்டையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். வித்தியாசம் வினாடிக்கு எட்டரை அதிர்வுதான், காதில் உறுமலாகத்தான் விழும். அதே ஈ-யை ஒரு ஆக்டேவ் மேலே, 82.4-ல் வைத்தால் கார்டு தெளிந்துவிடும். ஃபிஃப்த் அமைப்பு கையை இயல்பாகவே அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறது.

கேள்வி (பேஸ்காரர்): டென்த் ஃபோர்த்திலும் கிடைக்கிறதே! மூன்று கம்பி தள்ளி ஒரு ஃப்ரெட் மேலே. மைனர் என்றால் அதே ஃப்ரெட். கை விரிவதும் குறைவு.

பதில்: சரியான கணக்கு. ஆனால் அங்கே கார்டு நான்கு கம்பியில் பரவுகிறது, நடுவில் ஒரு கம்பியைத் தாண்ட வேண்டும். கம்பிகள் ஐந்துதான் என்பதால் இரண்டு இடத்தில் மட்டுமே அந்த வடிவம் பொருந்தும். ஃபிஃப்தில் மூன்று இடத்தில் பொருந்தும். எல்லைக் கணக்கும் இருக்கிறது: ஃபிஃப்தில் முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் 28 அரைஸ்வர வித்தியாசம், ஃபோர்த்தில் 20. அந்த எட்டும் மேலே போகிறது. இடக்கை கிட்டார் சுருதிக்கு ஏறி மெலடியோடு பேசும் பகுதி அது. ஸ்டிக் வாசிக்கும் பேஸ் கலைஞர் டோனி லெவின் மாதிரி பேஸ் வரியே பிரதானமாக வாசிக்கப் போகிறீர்களா, இல்லை தனியாக உட்கார்ந்து முழுப் பாட்டையும் இரண்டு கையால் நிரப்பப் போகிறீர்களா? முதலாவது என்றால் ஃபோர்த்தில் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. படிப்படியாக நடக்கும் (வாக்கிங்) பேஸ் வரிகள் அதில் கச்சிதமாக விழும். இரண்டாவது என்றால் ஃபிஃப்தை விடாதீர்கள்.

கேள்வி (செல்லோக்காரர்): அப்படியானால் மெலடி பக்கத்தையும் ஃபிஃப்தாக்கலாமே? இரண்டு கைக்கும் ஒரே இலக்கணம்.

பதில்: அழகான யோசனை, ஆனால் நான் செய்யமாட்டேன். மெலடி கையின் வேலை வேகமான ஸ்வரக்கோவை. அங்கே நான் இப்போது சொன்ன 21 சென்டிமீட்டர் சங்கடம் ஒவ்வொரு வரியிலும் வரும். மேல்கம்பி டி-க்கு மேல் ஏறாது என்பதால் ஃபிஃப்தைக் கீழ்நோக்கித்தான் நீட்ட வேண்டும்: டி, ஜி, சி, எஃப், பி ஃப்ளாட். கடைசிக் கம்பி பேஸ் எல்லைக்குள் போய் நிற்கும், இடக்கையின் கார்டுகள் மேல் மோதும்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. பேஸில் கீழ் மூன்றை சி, ஜி, டி என்று அப்படியே விடுங்கள். வெளியிலுள்ள இரண்டை மட்டும் ஜி, சி ஆக்குங்கள். கீழே ரூட்–ஃபிஃப்த்–டென்த் வடிவம் பத்திரமாக இருக்கும், மேலே டி, ஜி, சி ஃபோர்த்தில் ஏறும். மாற்ற வேண்டியது இரண்டே கம்பி. இந்த விவாதத்திலிருந்து ஒன்றை முயன்று பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை முயலுங்கள்.

கேள்வி: கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறேன். எந்த ட்யூனிங் சுலபம்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஹார்பெஜ்ஜியும் இதே மாதிரிதானா?

பதில்: தட்டி வாசிப்பது என்ற அளவில் ஆமாம். அது மேசையில் கிடத்தி வாசிப்பது, அடுத்தடுத்த கம்பிகள் முழு ஸ்வரத்தில் ஏறும். இங்கே பேசிய கார்டு வடிவம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: இப்போதிருக்கும் கம்பியிலேயே ஒரு வாரம் இறக்கிப் பார்த்துவிட்டு, பிடித்தால் புதுக் கம்பி வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள். விரல் வடிவங்களை மனப்பாடம் செய்ய அது உதவும். ஒலியையோ கைச்சுகத்தையோ அந்த ஒரு வாரத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

கேள்வி: எல்லாக் கம்பியையும் மெலிசாக்கி, பிறகு விருப்பம்போல் ஏற்றினால்?

பதில்: டி கம்பி பற்றிய பதிலைப் பாருங்கள். மெலிசு என்பதற்காக எஃகு கூடுதலாகத் தாங்கிவிடாது. இதை மறுபடி கேட்டால் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: எந்த ஆம்ப்?

பதில்: என் துறை இல்லை. ஸ்டிக்கில் மெலடிக்கும் பேஸுக்கும் தனித்தனி ஒலி வெளியீடு இருக்கிறது என்பதை மட்டும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நடுவழி அமைப்பைக் கட்டிப் பார்க்கிறேன். எந்த வரிசையில் மாற்றுவது, அக்கா? கருவியின் கழுத்துக்கு ஆபத்து உண்டா?

பதில்: எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்தது. புதுக் கம்பி கனமாக இருப்பதால் நட்டின் பள்ளத்தில் முழுதாக உட்காருகிறதா பாருங்கள். மேலே தூக்கி நின்றால் முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறித் தெரியும். மொத்த இழுவிசையைப் பழைய அளவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் கழுத்து பெரிதாக நகராது. ஆனாலும் ஒரு நாள் விட்டு வளைவைப் பாருங்கள், தேவைப்பட்டால் அதன்பின் சரிசெய்யுங்கள். கடைசியாகப் பிரிட்ஜ்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தட்டும் ஸ்வரம் வெறுங்கம்பியின் சரியான ஆக்டேவாக வரும்வரை அந்த இரண்டு கம்பியின் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் நகரும் துண்டு) நகர்த்துங்கள். ஃப்ரெட்டில் ஸ்வரம் கூடுதலாக ஏறினால் சாடில் பின்னால் போக வேண்டும், குறைந்தால் முன்னால். சோதிக்கும்போது அடக்கும் பட்டையை விலக்கிவிடுங்கள், விரலை நீங்கள் வாசிக்கும் அதே பலத்தில் போடுங்கள்.