பதினோராயிரம் பேருக்கு ஓர் அரசாங்கம்

சென்ற இதழில் மாலத்தீவு பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, சின்னத் தீவு நாடுகளை எப்படி ஆள்கிறார்கள் என்று கேட்டு டெல்லி வாசகர்களிடமிருந்து நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, நான் ஓல்டு ராஜிந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். பசிபிக் கடலில் இருக்கும் துவாலு நாட்டின் மக்கள்தொகையே சுமார் 11,000தான் என்று படித்தேன். எங்கள் ஊர் பேரூராட்சி அதைவிடப் பெரியது. இவ்வளவு சின்ன நாட்டை ஆள்வதில் என்ன கஷ்டம் இருக்க முடியும்?

தம்பி, உங்கள் பேரூராட்சித் தலைவர் பாஸ்போர்ட் அச்சடிக்க வேண்டியதில்லை. ஐ.நா. சபைக்கு ஆள் அனுப்ப வேண்டாம், கடலில் ரோந்து போக வேண்டாம், புயல் வருகிறதா என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அதையெல்லாம் செய்ய அவருக்கு மேலே கலெக்டர் இருக்கிறார், கோட்டை இருக்கிறது, அதற்கும் மேலே நீங்களும் நானும் இருக்கிற இந்த டெல்லி இருக்கிறது. துவாலுவுக்கு மேலே யாரும் இல்லை. 9 தீவுகள், எல்லாம் சேர்ந்து சுமார் 26 சதுர கிலோமீட்டர் நிலம், சுற்றிலும் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் கடல், அத்தனையும் அந்த 11,000 பேரின் பொறுப்பு. ஒரு நாட்டுக்குத் தேவையான அலுவலகங்களின் பட்டியல், ஜனங்கள் குறைவு என்பதற்காகச் சுருங்குவதில்லை. சுங்கம், கருவூலம், நீதிமன்றம், மருந்து கொள்முதல், மீன்வளம், வெளியுறவு எல்லாம் வேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் உட்கார ஆள் எங்கே?

நான் ஓய்வு பெறும் முன்பு இங்கே ஒரு பயிற்சி நிறுவனத்தில் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை பசிபிக் தீவு ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். திட்டம், புள்ளிவிவரம், பேரிடர் மேலாண்மை மூன்றும் அவர் ஒருவர் கையில். மூன்று வாரப் பயிற்சிக்கு அவர் வந்துவிட்டதால் அங்கே மூன்று துறையும் அப்படியே நின்றிருந்தன. விடுதி அறையில் இரவெல்லாம் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிட்டுக் காலையில் சிவந்த கண்ணோடு வகுப்புக்கு வருவார். உலக நிறுவனம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அறிக்கை கேட்கிறது, எல்லாவற்றையும் எழுதுவது நான்தான், எழுதி முடித்த பிறகு வேலை செய்ய நேரம் இருப்பதில்லை என்றார். அதைவிட என்னை உலுக்கியது அவர் சொன்ன இன்னொரு விஷயம். கடலோரத்தில் விதியை மீறி வீடு கட்டிய ஒருவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்ததாம், அவர் இவருடைய சொந்தத் தாய்மாமன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவர். நோட்டீஸ் அனுப்பினார், அதன்பிறகு இரண்டு வருடம் அம்மா இவரோடு சரியாகப் பேசவில்லை. முகம் தெரியாதவருக்கு ஆணை போடுவது எவ்வளவு பெரிய வசதி என்பது நமக்குத் தெரிவதே இல்லை. பல பசிபிக் நாடுகள் நீதிபதிகளை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரவழைப்பதற்குச் சட்டம் படித்தவர்கள் குறைவு என்பது ஒரு காரணம், இந்த உறவுச் சிக்கல் இன்னொன்று.

சரி, என்ன செய்கிறார்கள்? சேர்ந்து செய்கிறார்கள். தேர்வில் இதைத்தான் நீங்கள் எழுத வேண்டும் என்பேன். கிழக்குக் கரீபியனில் எட்டு ஆட்சிப்பகுதிகளுக்கு ஒரே மத்திய வங்கி, 1983-ல் தொடங்கியது. ஒரே நாணயம், 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு இன்றுவரை மாறவில்லை. உச்ச நீதிமன்றமும் பொது. பசிபிக்கில் 12 நாடுகள் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துகின்றன, 1968-லிருந்து. மீன் விஷயம் இன்னும் அருமை. முன்பு சூரை மீன் பிடிக்க வரும் பெரிய நாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு தீவோடும் தனியாகப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு உரிமம் வாங்கிப் போகும். மீன்பிடி உரிமைக்கான நவூரு ஒப்பந்தத்தில் சேர்ந்த எட்டு பசிபிக் நாடுகளும், கப்பல் ஒன்று தங்கள் கடலில் மீன்பிடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை என்று முறையை மாற்றின. நாளொன்றுக்குக் குறைந்தது 8,000 டாலர் என்று பேசி வைத்துக்கொண்டதால், இங்கே கட்டுப்படியாகாது, பக்கத்துத் தீவுக்குப் போகிறேன் என்று எந்தக் கப்பலும் மிரட்ட முடியவில்லை. ஆள் பலமோ படை பலமோ இல்லாதவர்கள் செய்த காரியம் இது, எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தத் தீவுகளுக்குத் தேவை பணம்தானே, அது வந்தால் மற்றதெல்லாம் தானே சரியாகிவிடாதா? — வாசகி, மயூர் விஹார்

நவூருவைப் பாருங்கள் அம்மா. பசிபிக்கில் சுமார் 21 சதுர கிலோமீட்டர் தீவு, முழுக்கப் பாஸ்பேட், உரத்துக்கு ஆகும் கனிமம். 1968-ல் சுதந்திரம் வாங்கி, எழுபதுகளில் தலைக்கு வருமானம் என்ற கணக்கில் உலகப் பணக்கார நாடுகளின் வரிசையில் இருந்தது. பாஸ்பேட் தீரும் நாளுக்கென்று ஒதுக்கிய பணத்தை வெளிநாட்டுக் கட்டடங்களிலும் ஹோட்டல்களிலும் போட்டார்கள், அதையே அடகு வைத்து மேலும் கடன் வாங்கினார்கள். கடைசியில் மெல்போர்னில் இருந்த அவர்களுடைய 50 மாடிக்கும் மேற்பட்ட கட்டடம் 2004-ல் கைமாறிப் போனது. பக்கத்துத் தீவு நாடான கிரிபாஸிலும் (Kiribati) பாஸ்பேட் இருந்தது, பானபா தீவில். அங்கே 1956-லேயே, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், ஒரு சேமிப்பு நிதி தொடங்கினார்கள். சுதந்திரம் வந்த 1979-ம் வருடமே பாஸ்பேட்டும் தீர்ந்துவிட்டது, ஆனால் அந்த நிதி இன்றும் இருக்கிறது. வங்கிக் கணக்குப் பார்த்த உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பணத்தை எடுப்பதற்கு யார் கையெழுத்து வேண்டும், கணக்கை யார் தணிக்கை செய்வது, ஒரு வருடத்தில் எவ்வளவுக்கு மேல் தொடக்கூடாது என்பதையெல்லாம் பணம் வருவதற்கு முன்பே எழுதி வைத்தார்களா என்பதுதான் கேள்வி. 2015-ல் நவூரு புதிதாக ஒரு நிதி தொடங்கியபோது வெளிநாட்டுப் பங்களிப்பாளர்களையும் நிர்வாகக் குழுவில் உட்கார வைத்துக்கொண்டது. பட்ட பிறகு வந்த புத்தி என்று சிலர் பேசுவார்கள், எனக்கு அப்படிப் பேசத் தோன்றவில்லை. கையில் திடீரென்று காசு வந்த சில ஆயிரம் பேரைச் சுற்றி எத்தனை ஆலோசகர்கள் வந்து மொய்த்திருப்பார்கள்!

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதாமே? — வாசகர், கரோல் பாக்

ஆமாம் ஐயா, ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்து இந்தி. 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்கே தமிழர்கள் சிறு பங்குதான், ஆனாலும் வீதிக்கு வந்தார்கள், நோட்டைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அச்சுச் செலவுக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் அந்த அரசு விட்டுக்கொடுத்திருக்காது. அவர்களுடைய நாடாளுமன்றத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு: 62 பேர் தேர்தலில் ஜெயித்து வருவார்கள், பிரதிநிதித்துவம் குறைந்த சமூகங்களுக்காக, தோற்றவர்களில் நிறைய வாக்கு வாங்கியவர்களைக் கொண்டு எட்டு இடம் வரை நிரப்புவார்கள். சாதி மதக் கணக்கை நிலைப்படுத்துகிறது என்று அங்கேயே எதிர்ப்பு இருக்கிறது, அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 1960-களில் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், இந்தத் தீவுக்கு எதிர்காலம் மங்கல்தான் என்று கணித்திருந்தார்: கரும்பை விட்டால் பிழைப்பில்லை, ஜனத்தொகை ஏறுகிறது, பல இனம். 1970-ல் ஏற்றுமதி ஆலைகளுக்குச் சட்டம் கொண்டுவந்து அந்த வாக்கைப் பொய்யாக்கினார்கள். யாரையும் வெளியே தள்ளாமல் வைத்திருந்ததற்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

மாலத்தீவில் சுமார் 5 லட்சம் பேர், 180-க்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறி இருக்கிறார்களே, நாலைந்து பெரிய தீவுகளுக்குக் கொண்டுவந்துவிட்டால் பள்ளி, ஆஸ்பத்திரி செலவு மிச்சம் இல்லையா? — வாசகர், ஆர்.கே.புரம்

செலவு மிச்சம்தான். ஏற்கெனவே ஐந்தில் இரண்டு பங்கு ஜனங்கள் தலைநகர் மாலே பகுதியில் நெருக்கியடித்துத்தான் வாழ்கிறார்கள். அதன் ஆபத்தை 2014 டிசம்பரில் பார்த்தோம்: கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரே நிலையத்தில் தீப்பிடித்து, மாலே முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போய், இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. இன்னொன்று, தீவு என்றால் அவர்களுக்கு ஊர். 2011 முதல் ஒவ்வொரு தீவிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் இருக்கிறது, மேலிருந்து ஆணை போட்டு ஊரைக் கலைப்பது முன்போல் சுலபமில்லை. 2004 சுனாமியில் கந்தொலுதூ என்ற தீவு வாழ முடியாதபடி அழிந்தது. ஏறக்குறைய நாலாயிரம் பேர், பல தீவுகளில் தற்காலிகக் கொட்டகைகளில் சுமார் நான்கு வருடம் காத்திருந்தார்கள். பிறகு யாரும் குடியிராத துவாஃபாரு தீவில் அவர்களுக்கு வீடு, பள்ளி எல்லாம் கட்டிக்கொடுத்தபோது, ஊராகவே ஒன்றாகப் போய்க் குடியேறினார்கள்.