ஜன்னலைத் திறந்த பிறகு துடைப்பத்தை எடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறைகளோடு ஒரு சிறிய வீடு இருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அதை நாள்வாடகைக்கு விடுகிறோம். 2020-ல் கொரோனா வந்தபோது முதலில் பயந்து மூடினோம். பிறகு திறந்து, ஒவ்வொருவர் காலி செய்த பிறகும் வீடு முழுக்க ப்ளீச் தெளித்தோம். சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கு அந்த நெடியில் இருமலே வந்துவிட்டது. என் மாமியாருக்கு 78 வயது, எங்களோடுதான் இருக்கிறார். இனி அப்படி ஒரு தொற்று வந்தால் மூடிவிடுவதுதான் சரியா? நடத்தினால் எந்தக் கிருமிநாசினி நல்லது? இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே எத்தனை நாள் விட வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கிருமிநாசினிக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் முன்பதிவு விதிகளை எடுத்துப் பாருங்கள். ‘கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது’ என்று ஒரு வரி இருக்கிறதா? தொற்றுக் காலத்தில் நோயை உங்கள் வீட்டுக்கு அழைத்து வரும் வரி அதுதான். கிளம்புகிற நாள் காலையில் ஒருவருக்குத் தொண்டை கரகரக்கிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது. கட்டிய பணம் போய்விடும் என்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறத்தான் செய்வார். வந்த இடத்தில் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

2003 பிப்ரவரியில் சார்ஸ் என்ற கடுமையான நுரையீரல் தொற்றுநோயோடு ஒரு மருத்துவர் ஹாங்காங் ஹோட்டல் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் தங்கினார். தங்கியது ஒரே ஒரு இரவு. அதே மாடியில் இருந்த மற்ற விருந்தினர்கள் வழியாக நோய் டொரன்டோ, சிங்கப்பூர், ஹனோய் வரைக்கும் போனது. உடம்பு சரியில்லாத ஒருவரை வராமல் தடுப்பது, அவர் போன பிறகு ஒரு வாரம் தேய்த்துக் கழுவுவதைவிடப் பெரிய காரியம். அதனால், ‘காய்ச்சல், இருமல் இருந்தால் எந்த நேரத்தில் சொன்னாலும் முழுப் பணமும் திருப்பித் தருவோம், அல்லது தேதியை மாற்றித் தருவோம்’ என்று எழுதிவிடுங்கள். சான்றிதழ் எதுவும் கேட்காதீர்கள். சிலர் இதைச் சாக்காக வைத்து ரத்து செய்யலாம், செய்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வாங்கிய முன்பணத்தைச் செலவழித்துவிட்டால் திருப்பித் தரும் மனசு யாருக்கும் வராது. 2020 மார்ச்சில், இணையம் வழியாக வீடுகளை நாள்வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனம், ஏற்கெனவே செய்திருந்த முன்பதிவுகளை விருந்தினர்கள் முழுப் பணத்தோடு ரத்து செய்யலாம் என்று அறிவித்தது. வீட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களுக்கு ஈடு கட்ட அந்த நிறுவனம் பிறகு 25 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். விருந்தினர் வந்து தங்கிப் போகிற வரை அது உங்கள் பணம் இல்லை. காப்பீடு இருந்தால் பாலிசியையும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். தொற்றுநோயால் வரும் நஷ்டத்துக்குப் பல பாலிசிகளில் விலக்கு உண்டு. தங்குமிடங்களை மூடும்படி அரசு சொன்னால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

அடுத்தது, வந்திருக்கும் நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாத் தொற்றுக்கும் ஒரே வழி உதவாது. வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸ் கைகள் வழியாகவும் அழுக்கான பரப்புகள் வழியாகவும் தொற்றும். ஆல்கஹால் கைச் சுத்திகரிப்பான் அதனிடம் சரியாக எடுபடாது, சோப்புத் தண்ணீர்தான் நல்லது. குரங்கம்மை, நோயாளி பயன்படுத்திய விரிப்பு, துண்டு வழியாகவும் ஒட்டும். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். கொரோனாவும் முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவியது. எஃகு, பிளாஸ்டிக் மேல் அந்த வைரஸ் 72 மணி நேரம் வரை இருக்கும் என்று 2020-ல் வந்த ஆய்வைப் படித்து எல்லோரும் கதவுக் கைப்பிடியைத் துடைத்துத் துடைத்தே ஓய்ந்துபோனோம். தொற்றுப் பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021 ஏப்ரலில் சொன்னது. நீங்கள் ப்ளீச்சில் செலவழித்த உழைப்பில் பாதியை ஜன்னலுக்குக் கொடுத்திருந்தால் போதும்.

ஆகவே காற்றில் பரவும் நோய் என்றால், விருந்தினர் கிளம்பும்போது செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடவும், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் போகவும், விரிப்பையும் தலையணை உறையையும் கழற்றிக் கட்டிலடியில் இருக்கும் பையில் போட்டுக் கட்டவும். இதைச் செய்யச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் அறைக்காற்று சீக்கிரம் மாறும். ஒரே பக்கம்தான் ஜன்னல் என்றால், அதில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிரே இருக்கும் கதவைத் திறந்து வையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடும். ஏசி ஓடுகிறது, அறை ஜில்லென்று இருக்கிறது என்பதால் காற்று சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஜன்னல் திறக்கவே வழியில்லாத அறைக்கு மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் நல்ல செலவு.

இடைவெளி கேட்டீர்கள். என் கணக்கில் ஒரு முழு நாள். இன்று காலையில் ஒருவர் போனால் இன்று வீடு திறந்து கிடக்கட்டும். நாளைக் காலையில் சுத்தம், மதியத்துக்கு மேல் அடுத்தவர். ஏர்பிஎன்பி கொரோனா முதல் அலையில் 72 மணி நேர இடைவெளி விடும் வசதியைக்கூடக் கொடுத்தது. காற்று வழி நோய்க்கு அவ்வளவு தேவைப்படாது. ஒரு நாள் வாடகை போகும்தான். ஆனால் அந்த ஒரு நாள் யாருக்காக என்றால், சுத்தம் செய்ய வரும் அந்த அம்மாவுக்காக.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அவருடைய இருமல்தான். விருந்தினருக்கு அந்த வீடு ஓரிரு இரவு. அவரோ மாறி மாறி வரும் அத்தனை பேரும் விட்ட மூச்சுக்குள் நுழைந்து வேலை செய்கிறார். அதற்கு மேல் ப்ளீச் நெடி வேறு. கட்டிடங்களுக்குள் கிருமிநாசினியைத் தெளிப்பதையும் புகையாக அடிப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே வேண்டாம் என்றது. அழுக்கின் மேல் தெளித்தால் அது கிருமியைப் போய்ச் சேராது, தெளிப்பவரின் கண்ணையும் நுரையீரலையும்தான் தாக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு போகத் துடைக்க வேண்டும். பிறகு சுவிட்ச், கைப்பிடி, குழாய், ரிமோட் போல எல்லோரும் தொடும் இடங்களுக்கு மட்டும் கிருமிநாசினி. 5 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அவ்வளவே போதும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். ரிமோட், சுவிட்ச் போன்ற மின்பொருட்களுக்கு 70 சதவீத ஆல்கஹாலை அதேபோலத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்த இரண்டு பாட்டில்களும் ஒரே வாளிக்கு அருகில்கூட இருக்கக் கூடாது. அழுக்கு விரிப்பை உதறாமல் அப்படியே சுருட்டி எடுக்கச் சொல்லுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கும் கூலி கொடுங்கள். இல்லையென்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரும் விருந்தினரைப் போலத்தான் அவரும் வருவார்.

தங்கியிருக்கும்போதே ஒருவருக்கு நோய் கண்டுவிட்டால்? இதை முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்திருந்தால் நடுராத்திரியில் சண்டை வராது. அவரை வெளியே அனுப்பக் கூடாது. அடுத்த முன்பதிவை ரத்து செய்ய வேண்டியிருக்கும், கூடுதல் நாட்களுக்கு என்ன வாடகை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டையும் மருந்தையும் வாசலில் வைத்துவிட்டுப் போனில் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் போன் எண்கள் சுவரில் இருக்கட்டும்.

மாமியாரை நினைத்துத்தான் மூடலாமா என்று கேட்கிறீர்கள், புரிகிறது. இரண்டு வீட்டுக்கும் வாசல் தனி, சாவியை நம்பர் பூட்டுப் பெட்டியில் வைத்து ஆளைப் பார்க்காமலே கொடுத்துவிட முடியும், அவர் அந்தப் பக்கம் போக மாட்டார் என்றால் நடத்தலாம். மாடிப்படியோ முற்றமோ பொதுவாக இருந்தால், அலை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மூடிவிடுங்கள். ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்காத நேரத்தில் வாசல் தனியாக இருந்தாலும் நான் நடத்தச் சொல்ல மாட்டேன்.

மூடினால் அப்படியே பூட்டிப் போட்டுவிடக் கூடாது. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிறது. நாள்கணக்கில் யாரும் குளிக்காவிட்டால் அது காய்ந்துபோகும். 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியதற்கு இப்படிக் காய்ந்த வளைவுகளும், அவற்றின் வழியாகக் காற்றை இழுத்த எக்ஸாஸ்ட் ஃபேன்களும் ஒரு முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இன்னொரு ஆபத்து, குழாயிலும் கீசரிலும் வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீர். அதில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். ஷவரைத் திறந்ததும் சாரலோடு மூச்சில் போய்க் கடுமையான நிமோனியாவைக் கொண்டுவரும். 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களிடம்தான் அந்த நோய் முதலில் தெரியவந்தது. எனவே மூடியிருக்கும் காலத்திலும் வாரம் ஒருமுறை போய் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். திரும்பத் திறக்கும் நாளில் கீசரை 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஷவர் தலையை ஒரு துணிப்பையால் மூடிக் கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, சூடான தண்ணீரை நன்றாக ஓடவிட்ட பிறகு அடுத்த விருந்தினருக்குத் தேதி கொடுங்கள்.