இமை வரை பரவிய சிவப்பு மச்சம்: கிரீம் போதுமா, மயக்க மருந்து வேண்டுமா?

14 மாதக் குழந்தை, கன்னத்திலிருந்து மேல் இமை வரை போர்ட் வைன் மச்சம் (பிறவியிலேயே இருக்கும் சிவப்பு மச்சம்). மரத்துப்போகும் கிரீம் மட்டும் தடவி லேசர் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இமை வருவதால் முழு மயக்கம்தான் சரி. கண்ணுக்குள் உலோகக் கவசம் வைத்தாக வேண்டும். விழித்திருக்கும் குழந்தை விடாது. கிரீம் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

கன்னத்தில் மட்டும் சின்னதாக இருந்திருந்தால் லிடோகெயின், பிரிலோகெயின் கலந்த கிரீமைத் தடவி ஒரு மணி நேரம் மூடிவைத்துச் செய்யலாம். 10 கிலோவைத் தாண்டிய, 1 முதல் 6 வயதுக் குழந்தைக்கு மொத்தமே 10 கிராம், 100 சதுர செ.மீ.தான். மீறினால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறைந்து உதடு நீலம்பாரிக்கும்.

மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. 3 வயதுக்குள் திரும்பத் திரும்ப, அல்லது 3 மணி நேரத்துக்கு மேல் மயக்கம் கொடுப்பது பற்றித்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் எச்சரித்தது. லேசர் சில நிமிட வேலைதான், ஆனால் பல தடவை வேண்டிவரும். எத்தனை தடவை, என்ன இடைவெளி என்று முதலிலேயே கேளுங்கள்.

இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள்: புருவத்துக்கும் இமைமுடிக்கும் நீர் ஜெல் தடவுவார்களா? மயக்கம் கொடுக்கும் முகமூடியின் ஓரத்தில் ஆக்சிஜன் கசிந்தால், லேசர் பட்ட முடி தீப்பிடிக்கும்.

மயக்கம் கொடுப்பதற்கு, வழக்கமாகத் திட உணவும் பவுடர் பாலும் 6 மணி, தாய்ப்பால் 4 மணி, தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். மேல் இமை மச்சத்தோடு கண் அழுத்த நோயும் வரக்கூடும் என்பதால், அதே மயக்கத்திலேயே கண் மருத்துவரும் பார்த்துவிட முடியுமா என்று கேளுங்கள்.