மலை மேலே கப்பல்: கேட்டதும் சொன்னதும்

ஐப்பசி ஞாயிறு, குன்னூர். எதிர்வீடு தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. மரக்கப்பல் மாடல் கட்டுகிறவர்களும் கட்ட ஆசைப்படுகிறவர்களுமாகப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். நான் தேயிலை ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு கப்பல் முடித்திருக்கிறேன், ஏழாவது பாதியில் நிற்கிறது. அன்றைக்குச் சொன்னதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

கேள்வி (வெலிங்டன்): ஐயா, இதுதான் என் முதல் கிட் (பலகையும் உதிரிகளும் அடங்கிய மாடல் பெட்டி). விக்டரி வாங்கலாமா?

வேண்டாம். விக்டரி பழைய ஆங்கிலேயப் போர்க்கப்பல். நிஜக் கப்பலுக்கு 1759-ல் அடிமரம் போட்டார்கள், தண்ணீரில் இறக்கியது 1765-ல். 104 பீரங்கி, மூன்று பாய்மரம், எண்ணி மாளாத கயிறு. பாதியில் நின்று பரணுக்குப் போன விக்டரிகளை நானே நாலு பார்த்திருக்கிறேன். ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (லவ்டேல், கல்லூரி மாணவர்): அண்ணா, பெட்டி வந்த அன்றைக்கே ஒட்ட ஆரம்பிக்கலாமா?

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இன்றைக்கு வந்தேன் என்று வைத்துக்கொள். பலகையைப் பிரித்து வை. ரப்பர் பேண்டைக் கழற்றி, கட்டப்போகிற அறையிலேயே இரண்டு வாரம் காற்றாட விடு. மரம் நீளவாட்டில் அசையாது. குறுக்குவாட்டில் ஈரத்தைக் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நமக்கு வாய்த்த காற்று அப்படி: ஊட்டி, கூடலூர் பக்கம் ஆனி ஆடியில் ஈரம், குன்னூர் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில் ஈரம், தை மாசி வந்தால் உதடு வெடிக்கிற வறட்சி.

என் இரண்டாவது கப்பலின் மேல்தளத்தை இதே மாதிரி ஓர் ஐப்பசியில் ஒட்டினேன். மயிரிழை இடைவெளி இல்லை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். மாசியில் பார்த்தால் பலகைக்குப் பலகை கோடு. ஐந்து மில்லிமீட்டர் பலகை ஒன்று ஒன்றரை சதவீதம் சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. முப்பது பலகைக்கும் கூட்டிப் பார், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும்.

அதனால் மழை மாதத்தில் பலகை ஒட்டாதே. பாய்மரம் சீவு, பீரங்கி வண்டி செய். ஒட்டியே ஆகவேண்டுமென்றால் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைப்பது போலத்தான்: மூடிய மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு, பல்பைத் தொடாத தூரத்தில் பலகைகள். ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கு. அறையில் 55, 60 சதவீதம் காட்டுகிற நாளில் கை வை.

கேள்வி (ஊட்டி): போன தை மாதம் ராத்திரி ஒட்டியது காலையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்ந்துவிட்டது. பசை போலியா?

பசை மேல் பழி போடாதீர்கள். வெள்ளைப் பசை எந்த பிராண்டாக இருந்தாலும் சுமார் 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்காகப் படலம் கட்டாது. ஊட்டியில் தை ராத்திரி புல்லில் உறைபனி நிற்கிறது, அந்தக் குளிரில் அது தூளாகத்தான் காயும். பகல் பதினொரு மணிக்கு ஒட்டுங்கள். அவசரத்துக்கு உடனடிப் பசைக்குத் தாவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகுகிற சரக்கு. மேகம் இறங்கிய நாளில் சடாரென்று பிடிக்கும், பிடித்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும். வால்நட் பலகையில் அந்தப் பூப்பு நன்றாகத் தெரியும்.

கேள்வி (அறவங்காடு): ஒரு கப்பல் முடிக்க எத்தனை நாள்?

நாளில் கேட்காதீர்கள்.

கேள்வி (கோத்தகிரி, ஆசிரியை): முன்பக்கம் போகப் போகப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஊறவைத்தும் படியவில்லை.

டீச்சர், வளைவில் குற்றம் இல்லை, அகலத்தில்தான். கப்பலின் வயிறு பெருத்தது, முனை சிறுத்தது. வயிற்றில் 20 பலகை பிடித்தால் முனையிலும் அதே 20 உட்கார வேண்டும், ஆனால் இடம் குறைவு. ஒவ்வொரு பல்க்ஹெட்டின் (அடிமரத்தின் மேல் குறுக்கே நிற்கிற சட்டம்) விளிம்பிலும் காகிதப் பட்டையைச் சுற்றி நீளம் எடுத்து, பலகை எண்ணிக்கையால் வகுங்கள். நடுவில் 5 மில்லிமீட்டர், முனையில் 3 என்று வரும். பலகையை அந்தக் கணக்குக்குச் சீவுங்கள். பாதி அகலத்துக்கும் கீழே போகிற மாதிரி இருந்தால் சீவாமல், இரண்டு பலகையை முனைக்கு முன்பே ஒன்றாக முடித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் பல்க்ஹெட் விளிம்புகளைச் சாய்வாக உப்புக்காகிதம் போட்டீர்களா? ஒரு பலகையை வளைத்து வைத்துப் பாருங்கள், எல்லா விளிம்பிலும் முழுசாகப் படிய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறினால் போதும். வளைத்துக் கட்டி ராத்திரி முழுக்கக் காயவிட்டு அப்புறம் ஒட்டுங்கள், ஈரத்தோடு ஒட்டினால் மேலே தம்பிக்குச் சொன்ன கதைதான். இடப்பக்கம் ஒன்று வைத்தால் வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஏற்றிக்கொண்டு போனால் அடிமரம் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி (கூடலூர்): கிட்டில் வருகிற வெளிநாட்டு மரம் எதற்கு? நம் தேக்கில் பலகை அறுத்துப் போட்டால் என்ன?

போட வேண்டாம்.

இதோடு அடுத்த சீட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். கூடலூர்க்காரர் எழுந்தார். “சார், ட்ரிங்கோமலி கப்பலைப் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-ல் இறக்கினார்கள். இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. எங்களுக்குக் கீழே நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கானலி தேக்கு நட்டது எதற்கு? கப்பலுக்கு! நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.”

கப்பலுக்குத் தேக்கை மிஞ்ச மரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதன் எண்ணெய் அழுகவிடாது. ஓக் மரம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கு அரிக்காது. 1869-ல் இறக்கிய கட்டி சார்க் என்ற பாய்க்கப்பலுக்குக்கூட இரும்புச் சட்டத்தின் மேல் தேக்குப் பலகை உண்டு. ஆனால் நாம் கட்டுவது 64-ல் ஒரு பங்கு. தேக்கின் ரேகையில் இருக்கிற நுண்துளை கால் மில்லிமீட்டர் என்று வையுங்கள். நிஜக் கப்பல் அளவுக்குப் பெருக்கினால் அது 16 மில்லிமீட்டர் ஓட்டை. தச்சன் கட்டைவிரலை விட்டு ஆட்டலாம். மரம் நிஜம், கப்பல் பொய்யாகிவிடும். போதாததற்கு, கடலில் காப்பாற்றிய அதே எண்ணெய் இங்கே பசையைப் பிடிக்கவிடாது.

“அப்போ சில்வர் ஓக்?” என்றது ஒரு குரல். அதன் ரேகை இன்னும் பெரிசு. யூகலிப்டஸ்? முறுக்கும். அறவங்காட்டிலேயே குடியேறிவிட்ட தூத்துக்குடிக்காரர் ஒருவர் இடையில் புகுந்து, “முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், முன்பக்கம் என்ன முன்பக்கம், அணியம்! பின்னால் அமரம், அடிமரம் ஏரா, விலாச் சட்டம் வங்கு, குறுக்கு மரம் பருமல்” என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷம் மரமும் போச்சு, கப்பலும் போச்சு. அவர் சொன்னது நியாயம்தான், குறித்துக்கொண்டேன்.

கூடலூர்க்காரருக்கு என் பதில் இதுதான்: பேரிக்காய் மரம். பழைய ஆங்கிலேயக் கடற்படை மாடல்களில் பாக்ஸ்வுட்டும் பேரிக்காய் மரமும்தான் இருக்கும். ரேகை கண்ணுக்கே தெரியாது, கத்தி வெண்ணெயில் போவது போலப் போகும். வெளிநாட்டில் அதைக் காசு கொட்டி வாங்குகிறார்கள், நம் ஊரில் கவாத்து செய்து அடுப்பில் வைக்கிறோம். அதற்காக மரத்தை வெட்டாதீர்கள், மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-லிருந்தே சட்டம் இருக்கிறது. கழித்த கிளை போதும். வெட்டுமுனையில் மெழுகு பூசி ஒரு வருஷம் நிழலில் காயவிடுங்கள். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் தண்டும் நல்ல கெட்டி. கயிறு ஓடும் சின்னக் கப்பிகளை நான் அதில்தான் செய்கிறேன்.

அவர் சமாதானம் ஆகவில்லை. தேக்குத் துண்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கேள்வி (குன்னூர்): மழையில் விறைப்பாகக் கட்டிய கயிறெல்லாம் வெயிலில் தொங்குகிறது.

பருத்திக் கயிறு ஈரத்தில் குறுகும், காய்ந்தால் நீளும். வறண்ட நாளில் கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். வறண்ட நாளில் முறுக்கிக் கட்டினால் மழையில் அது பாய்மரத்தையே வளைக்கும். தேன்மெழுகில் இழுத்தால் ஈரம் குடிப்பது குறையும். பாலியெஸ்டர் நூலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (ஊட்டி): பித்தளைப் பீரங்கியைக் கறுப்பாக்குவது எப்படி?

அது என் வேலை இல்லை. பித்தளைப் பட்டறைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): கிட் வந்துவிட்டது, உடனே ஒட்டலாமா?

லவ்டேல் தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

கேள்வி (குன்னூர்): முடித்த கப்பலைக் கோயம்புத்தூரில் மகள் வீட்டு ஹாலில் வைக்கலாமா? ஏசி உண்டு.

பங்குனியில் கொண்டுபோங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். ஈரத்தோடு போய் ஏசிக் காற்றில் ஒரே வாரத்தில் காய்ந்தால் பலகை பிளக்கும். கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் விரல் நுனி அளவு காற்றுவழி விடுங்கள். ஏசி நேராக வீசுகிற சுவர் ஆகாது. இங்கேயே வைப்பதென்றால் கணப்பு அடுப்புக்கு மேலே உள்ள பலகை ஆகாது.

கேள்வி (வெலிங்டன்): ஐயா, விக்டரி பாதி விலைக்கு வருகிறது. அப்பவும் வேண்டாமா?

வேண்டாம்.